ஆறவைக்கும் பெட்டி

லிஃப்ட் தரைத்தளத்தைத் தாண்டியும் இறங்கிக்கொண்டே இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், காலை ஒன்பதரை மணி. குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் அவளுக்குப் பக்கத்தில் நின்று சாவிக்கொத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தார். இரண்டாம் கீழ்த்தளத்தில் கதவு திறந்ததும் ஈரச் சிமெண்ட் வாடை முகத்தில் அடித்தது. அதற்குள் ஒளிந்தாற்போல் கருகிய எண்ணெயின் நெடியும் இருந்தது. வரிசையாக நின்ற கார்களைக் கடந்தால், நீலக் குழாய்கள் ஓடும் தாழ்ந்த கூரையின் கீழ் ஒரு குறுகலான நடைவழி. அதன் தொடக்கத்தில் ஓர் அறை.

"இதான் மேடம் உங்க ஆபீஸ். ஜன்னல் ஒண்ணுதான் இல்ல. மத்த எல்லாம் இருக்கு."

மேசை, கணினி, சுழல் நாற்காலி. மேசை ஓரத்தில் ஒரு கோப்பை. அடியில் காப்பி காய்ந்து கறுப்பு வட்டமாகியிருந்தது.

"முன்னாடி ஒரு தம்பி இருந்தான்," என்றார் செயலாளர். "ஒரு திங்கட்கிழமை சாப்பிட்டு வர்றேன்னு போனான். இன்னும் சாப்பிட்டுக்கிட்டே இருக்கான் போல."

அவள் சிரித்துவைத்தாள். இருபத்திரண்டு வருடம் ஒரு நாளிதழில் வாசகர் கடிதப் பக்கத்தைக் கவனித்தவள். எரிகிற கடிதங்களைத் தணித்து, பொருள் கெடாமல் அச்சுக்கு அனுப்புவது அவளுக்குக் கைவந்த வேலை. பத்திரிகையை மூடியபோது அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு. எட்டு மாதம் வேலை தேடினாள். கிடைத்தது இது: நானூற்றுப் பன்னிரண்டு வீடுகள் கொண்ட குடியிருப்பு வளாகத்தின் செயலியில், குடியிருப்போர் எழுதும் பொதுச்சுவருக்கு மட்டுறுத்துநர். இதையும் விட்டால் வேறு யாரும் கூப்பிடப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"கார் நிறுத்துறதுல ஆரம்பிச்சு போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் போயிட்டாங்க மேடம். நீங்க யாரையும் திட்ட வேணாம், தூக்கவும் வேணாம். சூடா வர்றத இதுல போட்டு ஆற வைங்க. அது போதும்."

திரையில் அதைக் காட்டினார். ஆறவைக்கும் பெட்டி. கடுமையான சொற்கள் உள்ள பதிவுகள் சுவருக்குப் போகாமல் தாமாக அதில் வந்து விழும். மட்டுறுத்துநர் படித்து, தொனியை மாற்றி எழுதும்படி திருப்பி அனுப்புவார். ஒரே ஆளின் பதிவு ஒரே வாரத்தில் மூன்று முறை திரும்பிவிட்டால், நான்காவதிலிருந்து திறந்து பார்க்க வேண்டிய அவசியமில்லை. 'தொனியை மாற்றி எழுதுங்கள்' என்ற பதில் தானே போய்விடும்.

"இங்க போன் சிக்னல் சுத்தமா வராது. வளாகத்து வைஃபை வரும். ஆனா அதுல நம்ம செயலி மட்டும்தான் ஓடும். டிரைவருங்க உக்காந்து படம் பாக்குறாங்கன்னு மத்ததெல்லாம் அடைச்சுட்டோம்."

அவர் போன பிறகு, நாற்காலிக்குப் பின்னாலிருந்த சுவர் திடீரென்று உறுமியது. அவள் துள்ளி எழுந்தாள். நடைவழியின் மறுகோடியில் பம்ப் அறை இருந்தது. மோட்டார் ஓடினால் சுவர் அதிரும். அது ஓடும்போது தான் இருமுவதுகூடத் தன் காதுக்கே கேட்கவில்லை என்பதைக் கவனித்தாள்.

முதல் வாரம் அவளுக்குப் பிடித்தே இருந்தது. நான்காம் மாடிப் பெண்மணி ஒருத்தர், 'அந்த நாயையும் அதை வளர்க்கிற நாயையும் உடனே வெளியே துரத்துங்க' என்று எழுதியிருந்தார். அவள் திருப்பி அனுப்பினாள். "உங்கள் கவலை புரிகிறது. 'உடனே' என்பது கட்டளைபோலத் தொனிக்கிறது. 'இயன்றபோது' என்று மாற்றிப் பார்க்கலாமே? அந்த இரண்டாவது நாயையும் தவிர்க்கலாம்." ஐந்து நிமிடத்தில் பதில் வந்தது: 'ரெண்டாவது நாயை எடுத்துட்டேன். முதல் நாய் இருக்கட்டுமா, அதுவும் மனசு புண்படுமா?'

வளாகம் முழுக்க அவளுக்கு ரப்பரம்மா என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவளும் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டாள். சுவரில் சண்டை குறைந்தது. யார் யாரோ யாருக்கோ நன்றி சொன்னார்கள். அந்த உற்சாகத்தில், பெட்டிக்கு இழுத்துவரும் கடுஞ்சொற்களின் பட்டியலில் 'உடனே' என்ற சொல்லையும் அவளே சேர்த்தாள்.

இரண்டாம் வாரம் செவ்வாய்க்கிழமை, மதியம் இரண்டு நாற்பதுக்குப் பெட்டியில் ஒரு பதிவு விழுந்தது.

'வணக்கம். சிரமத்திற்கு மன்னிக்கவும். கதவைத் திறந்துவிட முடியுமா? அவசரமில்லை.'

அனுப்பியவர்: பதினொன்று-ஈ.

அவள் இருமுறை படித்தாள். இதைவிடப் பணிவாக யாரும் எழுத முடியாது. இது ஏன் பெட்டிக்கு வந்தது? திறக்கப்போனாள். விரல் தொட்டதும் பதிவு மறைந்தது.

புதன்கிழமை அதே நேரம், அதே பதிவு. வியாழக்கிழமையும்.

நடைவழியைத் துடைக்க வந்த துப்புரவு அக்காவிடம் கேட்டாள். "பதினொண்ணு-ஈல யாரு இருக்கா, அக்கா?"

அக்கா துடைப்பதை நிறுத்தினார். "இப்ப யாரும் இல்லையே. பொண்ணு மட்டும் வந்திருக்கு, சாமானெல்லாம் ஒழிக்க."

"அதுக்கு முன்னாடி?"

"கிரேன் ஓட்டுன அண்ணன். ரிட்டயர் ஆனவரு. வாயைத் திறந்தா கெட்ட வார்த்தைதான், ஆனா கையில எப்பவும் எனக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் இருக்கும்." அக்கா நடைவழிக் கோடியைப் பார்க்காமல் தாடையால் மட்டும் காட்டினார். "அந்தப் பம்ப் ரூம் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி இல்லம்மா. கழண்டதுலேருந்து அஞ்சு மாசமா, யாராவது மாட்டிக்குவாங்கன்னு அவருதான் கத்திக்கிட்டே இருந்தாரு. யாரு கேட்டா? சரி, போட்டோ எடுத்துப் போடறேன்னு ஒரு வெள்ளிக்கிழமை உள்ள போனாரு. கதவு சாத்திக்கிச்சு. நான் திங்கட்கிழமை வந்து தொறந்தேன்."

"கத்தியிருப்பாரே, அக்கா?"

"மோட்டார் ஓடுறப்ப நீங்க கத்திப் பாருங்க." வாளியை எடுத்துக்கொண்டார். "நெஞ்சு மாத்திரை மேல வீட்ல இருந்துச்சாம். நாங்க இப்பவும் கல்லை அண்டக் குடுத்துட்டுத்தான் உள்ள போவோம்."

அன்று மாலை அவள் பெட்டியின் பழைய பதிவுகளைத் தோண்டினாள்.

பதினொன்று-ஈ: கதவைப் பற்றிய பழைய புகார்கள், அவற்றுக்கு மேல் முப்பத்தொரு பதிவுகள். இந்த முப்பத்தொன்றும் அந்த வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு நாற்பதில் தொடங்கின.

'எந்த நாய்டா கதவைச் சாத்தினது? திறங்கடா.'

அந்தத் தம்பியின் பதில்: 'ஐயா, கதவு பற்றிய உங்கள் புகார் ஏற்கெனவே பதிவாகியுள்ளது. தொனியை மாற்றி எழுதுங்கள்.'

ஐந்து மாதமாக அதே கதவைப் பற்றி அதே வசவு. இதுவும் அதுதான் என்று தம்பி நினைத்திருக்கிறான். இரண்டாவதையும் அப்படியே திருப்பினான். மூன்றாவதையும். நான்காவது பதிவில், 'டேய் மடையா, புகார் இல்லடா, உள்ளே இருக்கேன்டா' என்றிருந்தது. அதன் பக்கத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு குறிப்பு: படிக்கப்படவில்லை.

ஐந்தாவது, படிக்கப்படவில்லை. பதினைந்தாவது, படிக்கப்படவில்லை. எல்லாவற்றுக்கும் கீழே தானாகப் போன அதே பதில்.

பத்துக்குமேல் வசவு குறைந்தது. 'டா' போயிற்று. இருபதுக்குமேல் 'தயவுசெய்து' வந்தது. ஒரு மனிதர் மூச்சு வாங்க வாங்கப் பணிவு கற்றுக்கொண்டிருந்தார். சனிக்கிழமை மாலை வந்த முப்பத்தொன்றாவதை அவள் ஏற்கெனவே படித்திருந்தாள். வணக்கம். சிரமத்திற்கு மன்னிக்கவும்.

அதன் கீழும் இருந்தது: தொனியை மாற்றி எழுதுங்கள்.

இந்த நாற்காலிக்கும் அந்தக் கதவுக்கும் இடையே முப்பது தப்படிகூட இராது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையிலேயே செயலாளர் இறங்கி வந்துவிட்டார். உட்காரவில்லை.

"பதினொண்ணு-ஈ பொண்ணு சங்கத்துக்கு லெட்டர் குடுத்திருக்கு மேடம். அப்பா கடைசியா என்ன எழுதினாருன்னு காப்பி வேணுமாம். சாயங்காலத்துக்குள்ள அந்தப் பழசெல்லாம் அழிச்சுடுங்க."

"அது... அவரு உதவி கேட்டு எழுதினது சார்."

"தெரியும்." குரல் தாழ்ந்தது. "முழுக்க கெட்ட வார்த்தை மேடம். செத்தவரு பேரும் கெடாம இருக்கட்டும், நம்ம பேரும் கெடாம இருக்கட்டும். உங்களுக்கு அடுத்த மாசம் வேலை நிரந்தரம் பண்றதாத்தான் பேச்சு."

அவள் மேசையைப் பார்த்தாள். பழைய கோப்பையை இன்னும் கழுவவில்லை.

"சரி சார்," என்றாள்.

மதியம் வரை தள்ளிப்போட்டாள். சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிவிட்டு, முப்பத்தொன்றையும் தேர்ந்தெடுத்து, அழிக்கும் பொத்தானுக்கு மேல் அம்புக்குறியை வைத்தாள். மணி இரண்டு நாற்பது.

'வணக்கம். உங்கள் முடிவை மதிக்கிறேன். அழிக்கும்முன், இயன்றபோது ஒருமுறை கதவைத் திறந்து பார்க்க முடியுமா? அவசரமில்லை.'

இயன்றபோது. அது அவளுடைய சொல்.

யாரோ விளையாடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டாள். எழுந்து அறையைப் பூட்டினாள். சாவியையும் போனையும் கையில் எடுத்துக்கொண்டு நடைவழியில் நடந்தாள். மோட்டார் ஓடவில்லை. குழாய்களுக்குள் தண்ணீர் எங்கோ சொட்டுவது துல்லியமாகக் கேட்டது.

இரும்புக் கதவு கனமாக இருந்தது. இழுத்துத் திறந்து, துப்புரவு அக்கா சொன்னபடி அங்கே கிடந்த கல்லைக் காலால் தள்ளி அண்டக் கொடுத்தாள். உள்ளே ஒற்றை மஞ்சள் விளக்கு. யாரும் இல்லை. மூன்று மோட்டார்கள் முதுகைக் காட்டிப் படுத்திருந்தன. இரண்டு எட்டு வைத்தாள். கருகிய எண்ணெய் நெடி இங்கிருந்துதான் வந்தது. அதோடு இனிப்பாக ஏதோ ஒன்று. பிஸ்கட்.

திரும்பினாள். கதவின் உள்பக்கம், மார்பளவு உயரத்தில், சாம்பல் வண்ணம் தேய்ந்து இரும்பு பளபளத்தது. இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு மட்டும்.

அதைப் பார்க்க முடிகிறதென்றால் கதவு மூடியிருக்கிறது என்பது ஒரு கணம் கழித்துத்தான் உறைத்தது.

கல் அவள் காலடியில் இருந்தது. உள்ளே.

கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துளை. விரலை விட்டு நெம்பினாள். அசையவில்லை. இரண்டு கையாலும் தட்டினாள். அடுத்த நொடி முதல் மோட்டார் உயிர்பெற்றது. அவள் கத்தியது அவளுக்கே கேட்கவில்லை.

போனில் சிக்னல் இல்லை. வைஃபை இருந்தது. செயலியைத் திறந்து சுவரில் எழுதினாள்: 'பம்ப் அறையில் மாட்டிக்கொண்டேன். உடனே யாராவது வந்து திறங்கள்.'

'உங்கள் பதிவு ஆறவைக்கும் பெட்டியில் வைக்கப்பட்டுள்ளது.'

'உடனே'. அவளே சேர்த்த சொல். தன் தலையில் அடித்துக்கொண்டாள். அதை நீக்கிவிட்டு மறுபடி அனுப்பினாள்.

அதுவும் சுவருக்குப் போகவில்லை. திரையின் அடியில் சிறு எழுத்துகள் மின்னின.

மட்டுறுத்துநர் தட்டச்சு செய்கிறார்...

அவள் தன் இடது கையைப் பார்த்தாள். அறைச் சாவி அதில்தான் இருந்தது.

'உங்கள் கவலை புரிகிறது. "மாட்டிக்கொண்டேன்" என்பது பிறரைக் குறைசொல்வதுபோலத் தொனிக்கிறது. மாற்றிப் பார்க்கலாமே?'

'நான்தான் மட்டுறுத்துநர். நீ யார்?'

'ஒருமையில் அழைப்பதைத் தவிர்க்கலாமே?'

வெப்பம் ஏறிக்கொண்டிருந்தது. இரண்டாவது மோட்டாரும் சேர்ந்துகொண்டது. தரை அதிர்ந்தது, பற்கள் அதிர்ந்தன. போனில் பத்தொன்பது சதவீதம். வெள்ளிக்கிழமை மதியம். துப்புரவு அக்கா திங்கட்கிழமைதான் இந்தக் கதவைத் திறப்பார்.

எழுதினாள். திரும்பியது. இன்னும் பணிவாக எழுதினாள். 'நன்றாக இருக்கிறது, இன்னும் சற்று' என்று திரும்பியது.

வியர்வை கண்ணில் இறங்கியது. விரல்கள் தாமாகவே ஓடிக்கொண்டிருந்தன.

'வணக்கம். சிரமத்திற்கு மன்னிக்கவும். கதவைத் திறந்துவிட முடியுமா? அவச'

நிறுத்தினாள்.

மூச்சை இழுத்துப் பிடித்து, எழுத்து எழுத்தாக அழித்தாள்.

இருபத்திரண்டு வருடப் பழக்கம் அப்போதுதான் வேறு விதமாக வேலை செய்தது. தன் பதிவைத் தானே வெளியிட மட்டுறுத்துநருக்கு உரிமை கிடையாது. ஆனால் அடுத்தவர் பதிவை வெளியிடலாம். பெட்டியைத் திறந்தாள். முப்பத்தொன்றும் அங்கேயே இருந்தன, காலையில் அழிப்பதாக ஒப்புக்கொண்ட அத்தனையும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்தாள்.

'இவற்றில் விதிமீறும் சொற்கள் உள்ளன. வெளியிடவா?'

மட்டுறுத்துநர் தட்டச்சு செய்கிறார்...

"போடா," என்று அந்தத் திரையிடம் சொன்னாள். வெளியிடு என்பதை அழுத்தினாள்.

மின்னிக்கொண்டிருந்த எழுத்துகள் நின்றன.

எந்த நாய்டா கதவைச் சாத்தினது. திறங்கடா. உள்ளே இருக்கேன்டா. நானூற்றுப் பன்னிரண்டு வீட்டுப் போன்களிலும் ஒன்றன்பின் ஒன்றாக அவை விழுந்தன. சுவர் கொதித்தது. 'இது என்ன அசிங்கம்?' 'குழந்தைங்க பாக்குறாங்க!' 'ரப்பரம்மா எங்க போனாங்க?' 'இவரு செத்துட்டாரே?' பிறகு யாரோ கேட்டார்கள்: 'எந்தக் கதவு?'

எவ்வளவு நேரம் ஆயிற்றென்று தெரியவில்லை. போன் அணைந்திருந்தது. கதவோரத்தில் சுருண்டு கிடந்தவளின் முகத்தில் வெளிச்சம் விழுந்தது.

வாசலில் ஒரு பெண், செருப்பில்லாத காலோடு, கையில் போனோடு. பதினொரு மாடியையும் படிக்கட்டில் ஓடி இறங்கியிருந்தாள். மூச்சு இரைத்தது. கதவைத் திறந்து பிடித்தபடி, கீழே கிடந்தவளைப் பார்க்காமல், அவளுக்குப் பின்னால் மோட்டார்களின் இருட்டைப் பார்த்தாள்.

"அப்பா?"

பின்னால் ஓடி வந்த துப்புரவு அக்கா அந்தப் பெண்ணின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"மூணு நாளா போன் எடுக்கல அன்னிக்கு," என்றாள் மகள், யாரிடமோ சொல்வதுபோல். "எம்மேல கோவமா இருக்காருன்னு நெனச்சுட்டேன். சரி, கோவம் ஆறட்டும்னு விட்டுட்டேன்."

அந்த வாரமே செயலாளர் பதவி விலகினார். பம்ப் அறைக் கதவைக் கீல்களோடு கழற்றி எடுத்துப்போனார்கள். இப்போது அங்கே வெறும் வாசல்தான். முப்பத்தொன்றையும் அச்செடுத்து மகளிடம் கொடுத்தபோது, வசவுச் சொற்களைப் புள்ளிவைத்து மறைத்துத் தரட்டுமா என்று புதிய நிர்வாகி கேட்டார்.

"எங்கப்பா இப்படித்தான் சார் பேசுவாரு," என்றாள் மகள். "ஒரு வார்த்தையும் தொடாதீங்க. கடைசியா எழுதினது மட்டும்தான் எனக்கு யாரோ மாதிரி இருக்கு."

ரப்பரம்மாவுக்கு முதல் மாடியில் ஜன்னல் உள்ள அறை கொடுத்தார்கள். வேலை முறையை மாற்றினாள். எவ்வளவு சூடான பதிவு வந்தாலும் முதலில் எழுதியவரைப் போனில் கூப்பிட்டு என்ன ஆயிற்று என்று கேட்பது. அதற்குப் பிறகுதான் தொனி. தானாகப் போகும் பதிலை அகற்றினாள். 'உடனே'யைப் பட்டியலிலிருந்து எடுத்தாள். பெட்டி பெரும்பாலும் காலியாகவே இருந்தது. பதினொன்று-ஈயிலிருந்து பிறகு எதுவும் வரவில்லை.

ஒரு மாதம் கழிந்தது. நல்ல வெயில். ஜன்னலுக்கு வெளியே குழந்தைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நான்காம் மாடிப் பெண்மணி தன் சொந்த நாய்க்குட்டியின் படத்தைச் சுவரில் போட்டிருந்தார். அவள் சிரித்தபடி நாற்காலியில் சாய்ந்தாள்.

மணி இரண்டு நாற்பது. பெட்டியில் ஒன்று விழுந்தது.

'வணக்கம். சிரமத்திற்கு மன்னிக்கவும். நான் இன்னும் உள்ளேதான் இருக்கிறேன். இயன்றபோது கதவைத் திறந்துவிட முடியுமா? அவசரமில்லை.'

அனுப்பியவரின் பெயரைப் பார்த்தாள். பக்கத்தில் வட்டத்துக்குள் இருந்த படத்தையும் பார்த்தாள்.

அது அவளுடைய படம். அவளுடைய கணக்கு.

நாற்காலிக்குப் பின்னால், முதல் மாடிச் சுவர் மெல்ல அதிரத் தொடங்கியது. திரையின் அடியில் சிறு எழுத்துகள் மின்னின.

மட்டுறுத்துநர் தட்டச்சு செய்கிறார்...

அவளுடைய இரண்டு கைகளும் மடியில் இருந்தன.